மாவாட்டும் பிளக்கில் மின்சாரக் கார்

சென்ற ஆடி மாதத்தில், குற்றால மலையிலிருந்து புறப்பட்ட சாரல் தென்காசியைத் தாண்டி, சிற்றாற்றின் போக்கிலேயே கிழக்கே வந்து வீரகேரளம்புதூரின் ஓட்டு வீடுகளை இரவெல்லாம் மெல்ல நனைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், என் மைத்துனர் வீட்டில் எல்லோரும் படுத்து நெடுநேரம் ஆனபின், என் மாமியார் வந்து என்னை எழுப்பினார். "மாப்ளே, என்னமோ கருகுத வாடை அடிக்கி. அடுப்படியில ஒண்ணுமில்ல. வெளிய என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். முன்வாசலை ஒட்டிய சாய்ப்பில், மைத்துனர் அந்த மாதம்தான் வாங்கியிருந்த மின்சாரக் கார் நின்றது. அதன் சார்ஜர் கம்பி ஜன்னல் வழியாக உள்ளே போய், மாவாட்டும் கிரைண்டருக்காக என்றோ போட்டிருந்த 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் சொருகியிருந்தது. அந்த பாயிண்டின் வெள்ளை முகம் ஒரு பக்கம் தேன் நிறமாகி, ஒரு துளையைச் சுற்றிக் கறுத்து, இளகியிருந்தது. ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துத் தொட்டபோதும் கை பொறுக்கவில்லை.

காரில் ஒரு குறையும் இல்லை. விலையுயர்ந்த அந்த வாகனத்தின் பேட்டரியும் யந்திரமும் சார்ஜரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பழைய பிளக் பாயிண்டு அந்த வீட்டின் உறக்கத்தையே அபாயத்துக்கு உள்ளாக்கியிருந்தது. அம்மையாரின் மூக்கு அன்று கூர்மையாக இருந்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. மின்சாரக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அது எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு மிச்சமாகும், பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்றே விசாரிக்கிறார்கள். அது எந்தச் சுவரில் சொருகப்படுகிறது, அந்தச் சுவருக்குள் என்ன கம்பி ஓடுகிறது என்று விசாரிப்பவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. நான் இங்கே முதன்மையாகச் சொல்ல வந்தது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

வீரகேரளம்புதூர் பழமையான ஊர். ஊத்துமலை ஜமீன்தார்களின் அரண்மனை இங்கே சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவர் அந்த வமிசத்தவர். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சிந்து கேட்ட அந்தக் காலத்துக்கு வெகு நாள் பின்னர், 1944-ஆம் ஆண்டு பாபநாசத்தில் நீர்மின்நிலையம் ஏற்பட்ட பிறகே, மின்சாரம் நெல்லைச் சீமையின் கிராமங்களுக்குச் சிறிது சிறிதாக நடந்து வந்தது. அப்படி வந்த மின்சாரத்துக்கென்று அந்தந்தத் தலைமுறையில் கம்பி இழுத்த வீடுகள் இப்பக்கத்தில் இன்னும் பல உண்டு. நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ என்ற கணக்கில் இழுத்த கம்பியில் பின்னர் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஏ.சி.யும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டன. கம்பி மட்டும் மாறவில்லை. என் மைத்துனர் வீடும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே.

மறுநாள் காலையில் சுரண்டையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், அனுபவம் முதிர்ந்த மனிதர், பிளக் பாயிண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பித்தளைத் தகடு நீலம் பாரித்து, அதைப் பற்றியிருக்க வேண்டிய திருகு தளர்ந்து, கம்பியின் முனை மாவாய் உதிர்ந்தது. "அண்ணாச்சி, இது காரு குத்தம் இல்ல. மாவாட்டுததுக்குன்னு போட்ட பாயிண்டு இது. அரைமணி நேரம் ஓடும், நின்னுரும். இதுல ராத்திரி பூரா காரைக் கட்டிப்போட்டா எப்படித் தாங்கும்?" என்று அவர் என் மைத்துனரைக் கேட்ட கேள்வியில், இந்த விஷயத்தின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சாதாரண வீட்டில் 15 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் சாதனங்கள் சொற்பம். வெந்நீர் கீஸர் கால் மணி நேரத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே துண்டித்து, ஆறியதும் மறுபடி இழுக்கிறது, ஏ.சி. அதில் பாதியளவே இழுப்பதோடு, அறை குளிர்ந்ததும் இளைப்பாறுகிறது. மின்சாரக் காரோ அப்படியன்று. 30 யூனிட் கொள்ளும் பேட்டரியைச் சுமார் 3.3 கிலோவாட் வேகத்தில் நிரப்பும் வீட்டுச் சார்ஜர், 14 அல்லது 15 ஆம்பியர் மின்சாரத்தை இடைவிடாமல், ஒரு நிமிஷம்கூட ஓயாமல், ஒன்பது மணி நேரம்போல இழுக்கிறது. இத்தனை நீண்ட, இத்தனை கனமான, இத்தனை ஓய்வற்ற பளுவை நம் வீட்டுக் கம்பிகள் இதற்குமுன் கண்டதே இல்லை.

கம்பியில் பிறக்கும் உஷ்ணம் மின்னோட்டத்தின் இருமடி விகிதத்தில் ஏறும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. ஒரு திருகு சற்றே தளர்ந்து, அந்த இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே உண்டாகும் உஷ்ணம் இரண்டரை வாட், யாரும் அறியமாட்டார்கள். 15 ஆம்பியர் ஓடும்போதோ அது இருபத்திரண்டரை வாட்டாகிவிடுகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் கோல் 25 வாட்தான். அப்படிப்பட்ட ஒரு கோலைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை எரியவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே என் மைத்துனர் வீட்டுச் சுவரில் ஆகிக்கொண்டிருந்தது. சூடேறிய தகடு விரிந்து தளர்கிறது. தளர்ந்தால் தடை மிகுகிறது. தடை மிகுந்தால் சூடு மேலும் ஏறுகிறது. எம்.சி.பி. இதைக் கண்டு துண்டிக்காதோ என்று கேட்கலாம். துண்டிக்காது. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால்தான் அது விழும். இங்கே ஓட்டம் முறையான அளவிலேயே இருக்க, ஒரு விரற்கடை இடத்தில் மட்டும் சூடு கூடுகிறது. அதைக் கண்டுபிடிக்க மூக்கும் கையுமே உண்டு.

ஆகையால் காரை வாங்குவதற்கு முன்பே, வாங்கியவர்களானால் இன்றைக்கே, செய்ய வேண்டிய காரியம் காருக்கென்று தனியாக ஒரு லைன் இழுப்பது. மீட்டர் பலகையிலிருந்து நேராக, வழியில் வேறெதற்கும் கிளை பிரியாமல், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வந்து சேர வேண்டும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜரானால் அதற்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பியும், மின்வாரியத்தில் அனுமதி பெற்ற லோடு அதற்குப் போதுமா என்ற விசாரணையும் அவசியம். பழைய வீடுகளில் அனுமதித்த லோடு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். விண்ணப்பம் கொடுத்து உயர்த்திக்கொள்வது, இரவு நேரத்தில் தெருவே விளக்கு மங்கி நிற்பதைத் தவிர்க்கும். பிளக் பாயிண்டும் கடையில் கிடைக்கும் அலங்காரப் பொருளாக இராமல், தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் கனத்த வகையாக இருப்பது நல்லது. இந்த வேலைக்கெல்லாம் ஆகும் செலவு காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கார் விற்பவர்கள் இதை விற்பனைப் பேச்சின் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியை இந்தக் காரியத்துக்கு எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது. மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்து அதன் வழியே காருக்குச் சார்ஜ் ஏற்றினால், சுருளின் நடுவே பிறக்கும் உஷ்ணம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, மேலுறையை உருக்கிவிடுகிறது. கல்யாண வீட்டுக்குக் காரில் போய், பந்தலுக்கு இழுத்த கம்பியிலிருந்து சொருகிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பந்தலில் தென்னங்கீற்று, கீழே நூறு ஜனங்கள்.

அடுத்தது எர்த். எலக்ட்ரீஷியன் அன்று அளந்து பார்த்தபோது, கொல்லையில் இருந்த எர்த் குழி பெயருக்குத்தான் இருந்தது. குழாய் துருப்பிடித்து, உள்ளே போட்ட கரியும் உப்பும் கரைந்து, நீர் ஊற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. செம்மண்ணும் சரளையுமாக உள்ள இடங்களில், மண் காயக் காய அது மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ள மறுத்துவிடும். காரின் இரும்பு உடலில் எங்கேனும் கசிவு உண்டானால், அந்தக் கசிவு எளிதாக இறங்கிப் போகும் வழியே எர்த் கம்பி. அது இல்லாத இடத்தில், ஈரக் காலோடு கதவைத் தொடும் குழந்தையின் உடலே வழியாகிவிடும். இதனால்தான் காரோடு கொடுக்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டி, சார்ஜ் ஏற்ற மறுத்துவிடுகின்றன.

இங்கே ஒரு கொடிய வழக்கத்தைக் கண்டித்துச் சொல்லாமல் இருக்க முடியாது. சார்ஜர் மறுக்கிறதே என்று, பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, சார்ஜரை ஏமாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும்; காரும் நிரம்பும். ஆனால் என்றைக்காவது ஒரு நாள், காற்றடித்து வெளியே நியூட்ரல் கம்பி அறுந்தால், அல்லது லைனும் நியூட்ரலும் இடம் மாறினால், அந்தக் கணமே காரின் உடல் முழுவதும் 230 வோல்ட் பாய்ந்து நிற்கும். காவலாளியின் வாயைப் பொத்திவிட்டுத் திருடன் இல்லை என்று நம்புவதற்கு இது சமம். புதிய எர்த் குழி தோண்டுங்கள். அதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த லைனில் வையுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் சார்ஜ் ஏற்றும் இணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பையே வற்புறுத்துகின்றன.

இனி பேட்டரியின் பக்கம் வருவோம். 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய இளம் மகளும் உயிரிழந்தார்கள். அதே வாரத்தில் மணப்பாறையிலும் சென்னையிலும் புனேயிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அவ்வருஷம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடம் இருந்த ஒரு ஹோட்டல் கட்டடத்தில் பற்றிய தீயின் புகை மாடிப்படி வழியே மேலேறி எட்டுப் பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. இந்த மரணங்களில் எரிந்தது வாகனமானாலும் உயிரை வாங்கியது புகை என்பதையும், வாகனம் நின்ற இடம் மனிதர்கள் உறங்கும் இடத்துக்கு அடியிலோ, அவர்கள் வெளியேற வேண்டிய ஒரே வழியிலோ இருந்தது என்பதையும் மறக்கலாகாது. வாசல் நடையில் ஸ்கூட்டரை நிறுத்திச் சார்ஜ் போடும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிட வேண்டும். காற்றோட்டமான சாய்ப்பு இருந்தால் அங்கே. இல்லையேல் பகலில், ஆட்கள் விழித்திருக்கும்போது.

மத்திய அரசு அதன் பின்னர் நிபுணர் குழு ஒன்றை அமைத்து, பேட்டரிக்கான விதிகளை இறுக்கியது. இருசக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156, கார்களுக்கான ஏ.ஐ.எஸ். 038 என்னும் விதிகளின் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1 முதலும், அடுத்த கட்டமாக 2023 மார்ச் 31 முதலும் அமலுக்கு வந்தன. ஆகவே அதற்குமுன் தயாரான மலிவு ஸ்கூட்டர்களையும், பெயர் தெரியாத பட்டறைகளில் பேட்டரி மாற்றிய வாகனங்களையும் வைத்திருப்பவர்கள் கூடுதல் ஜாக்கிரதையோடு இருப்பது தகும். கார்களைப் பொறுத்தவரை அச்சம் இவ்வளவு வேண்டியதில்லை. ஸ்வீடன் தேசத்தின் பேரிடர்த் துறை 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், மின்சாரக் கார்களில் லட்சத்துக்கு நான்கிற்கும் குறைவாகவே தீப்பற்றின. எல்லா எரிபொருள் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் அது லட்சத்துக்கு 68 ஆக இருந்தது. அரிதாகப் பற்றுகிறது, பற்றினால் அணைப்பது கடினம். இரண்டும் ஒருசேர உண்மை.

ஏன் கடினம்? லித்தியம் பேட்டரியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எதிர்முனையான கிராஃபைட்டும் நேர்முனையான உலோகச் சேர்மமும், நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரையும், இவற்றை நனைத்து நிற்கும் எளிதில் தீப்பற்றும் திரவமும் இருக்கின்றன. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போய்க் குடியேறுகின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. ஏதோ காரணத்தால் உள்ளே உஷ்ணம் 100 டிகிரியை நெருங்கினால், எதிர்முனையைக் காத்து நிற்கும் மெல்லிய படலம் சிதையத் தொடங்கித் தானே சூட்டை உண்டாக்குகிறது. சுமார் 130 டிகிரியில் திரை உருகுகிறது. 200 டிகிரியை ஒட்டி, நிக்கல், கோபால்ட் கலந்த நேர்முனைச் சேர்மம் தன்னுள் அடக்கி வைத்திருந்த பிராணவாயுவை விடுவிக்கிறது. வெளிக்காற்றை அடைத்தால் தீ அணையும் என்ற நம் பழைய அறிவு இங்கே செல்லாமற்போவது இதனால்தான். எரிபொருள், சூடு, பிராணவாயு மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

இந்த இடத்தில் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் 1951-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குட்இனஃப் என்னும் மேதையோடு சேர்ந்து ஆராய்ந்தார். பிராணவாயுவைக் கந்தகம் போன்ற ஒரு தனிமத்தோடு இறுகப் பிணைத்து வைத்திருக்கும் சேர்மங்களையும் பேட்டரியின் நேர்முனையாக்கலாம் என்று அவர்கள் காட்டிய வழியிலேயே, 1997-ஆம் ஆண்டு குட்இனஃபின் டெக்ஸஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வெளிப்பட்டது. எல்.எஃப்.பி. என்று இன்று கார் விற்பனைக் கூடங்களில் சொல்லும் பேட்டரி அதுவே. அதில் பிராணவாயு பாஸ்பரஸின் பிடியிலிருந்து எளிதில் விடுபடுவதில்லை. ஆகவே அது உஷ்ணத்தை மற்ற வகையைவிட அதிகம் பொறுக்கிறது. 2019-ஆம் ஆண்டு ரசாயன நோபல் பரிசைத் தம் 97-ஆவது வயதில் பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரமே. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் எழுந்து, 1953-ஆம் ஆண்டு டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்து வைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி ஸ்தாபனமும் இந்தத் துறையில் உழைத்து வருவது. பேட்டரி எங்கோ கடல் கடந்து பிறந்த அந்நிய வஸ்து என்று எண்ணுகிறவர்களுக்காகவே இவ்வளவும் சொன்னேன்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று கைப்புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது பராமரிப்பின் ஆரம்பம். நிக்கல் கலந்த வகையானால் அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம்வரை ஏற்றினால் போதும். தூரப் பிரயாணத்தின் முந்தின இரவு மட்டும் முழுவதும் நிரப்பலாம். இரும்புப் பாஸ்பேட் வகைக்கு முழுச் சார்ஜ் அவ்வளவு பாதகமில்லை. மேலும் அதன் வோல்டேஜ் நிரம்பும்போதும் குறையும்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு காருக்கே தவறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான். எந்த வகையானாலும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு நாட்கணக்கில் நிறுத்துவது கெடுதல். வெளியூரில் பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறவர்கள் பாதிச் சார்ஜில் நிழலில் விட்டுப் போவது உத்தமம். 12 வோல்ட் கொண்ட சிறிய பேட்டரி ஒன்று இந்தக் கார்களிலும் உண்டு, அது தீர்ந்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கதவுகூடச் சரியாகத் திறக்காது என்பதையும் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பேட்டரியைக் கிழடாக்குவது உஷ்ணம். சித்திரை வெயிலில் நூறு கிலோமீட்டர் ஓடி வந்த காரை, வந்த வேகத்தில் வெயிலிலேயே நிறுத்திச் சார்ஜில் போடுவதைவிட, அரைமணி நேரம் வேப்பமர நிழலில் ஆறவிட்டுப் போடுவது நல்லது. நெடுஞ்சாலையோரத்து வேகச் சார்ஜர்கள் பிரயாணத்துக்கு உதவுபவை; அவற்றையே அன்றாட உணவாக்கினால் பேட்டரி விரைவில் தேய்வது இயல்பு. எண்பதைத் தாண்டியதும் பேட்டரி தன் பாதுகாப்புக்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், குற்றால சீசனில் பின்னால் நாலு கார் காத்திருக்க, கடைசி இருபது சதவீதத்துக்காக அங்கேயே நின்றுகொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மலைப்பாதைக்கு ஒரு விசேஷக் குறிப்பு உண்டு. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தை அடக்கிக்கொண்டே பேட்டரிக்கு மின்சாரம் திருப்பித் தரும். கேரளத்திலிருந்து திரும்புகிறவர்கள் ஆரியங்காவிலேயே நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு புளியரை எஸ் வளைவுகளில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் இராது. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, முழுப் பளுவும் பிரேக் கட்டைகளின் மேல் விழும். பத்துச் சதவீதமாவது காலியாக வைத்துக்கொண்டு இறங்குவது அந்த வளைவுகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத புத்தி. அந்த வளைவுகள் இறங்கும் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் பாய்ந்து வரும் காற்றுதான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மாதங்களில் இரவில் நாம் காருக்கு ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு நம் தலைக்கு மேலே அடித்த காற்றிலிருந்தே வந்தது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிரியமானது.

மழையில் சார்ஜ் ஏற்றலாமா என்று அநேகர் கேட்கிறார்கள். கார்ப் பக்கத்துச் சொருகியில், அது முழுவதும் பொருந்தி, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சோதித்துச் சம்மதம் தெரிவித்த பிறகே மின்சாரம் பாயும். வெறும் முனையில் அது இராது. ஆகவே சாரல் தூறுவதால் அந்தப் பக்கத்தில் பயமில்லை. சுவர்ப் பக்கத்துப் பிளக் நனையாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்கும் மாலைகளில் மட்டும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவது நலம்.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தென்மாவட்டங்கள் நான்கும் தத்தளித்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. பேட்டரிப் பெட்டிகள் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. இரவு முழுவதும் முங்கிக் கிடப்பதற்கு அந்தச் சோதனை உத்தரவாதம் ஆகாது. அப்படி முங்கிய காரை ஓட்டிப் பார்க்கவோ சார்ஜில் போட்டுப் பார்க்கவோ கூடாது. இழுவை வண்டியில் ஏற்றி, வீட்டிலிருந்து விலக்கி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளாரிடாவில் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய கார்கள், நீர் வடிந்து பல நாட்களுக்குப் பின்னர் தீப்பற்றியது இதற்குச் சாட்சி. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரைவாசிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பானட்டைத் திறந்தால் தெரியும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கானாலும் அதற்கென்று பயிற்சி பெறாதவர் அவற்றில் கை வைக்கலாகாது.

புகையோ, சீறும் சத்தமோ, இனிப்பு கலந்த ரசாயன வாடையோ பேட்டரிப் பக்கத்திலிருந்து வந்தால், பொருளைக் காக்கும் ஆசையை விட்டு, ஆட்களை வெளியேற்றி, எட்டினால் மெயினை அணைத்து, 101 அல்லது 112-ஐ அழைத்து, மின்சாரக் கார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மணலும் சிறு தீயணைப்பானும் அந்தத் தீயின் வேரை எட்டமாட்டா. ஏராளமான நீரைக் கொட்டிக் குளிர வைப்பதே வழி. அணைந்தபின்பும் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில், அது மறுபடி பற்றக்கூடும். அந்தப் புகையில் விஷவாயுக்கள் கலந்திருப்பதால் காற்று வீசி வரும் பக்கமாக விலகி நிற்க வேண்டும்.

என் மைத்துனர் வீட்டில் அந்த வாரமே தனி லைன் வந்துவிட்டது. ஜன்னல் வழியே கம்பி போகும் அவலம் நீங்கி, சாய்ப்பின் தூணில் மூடியுள்ள பெட்டி ஒன்று ஏறியது; கொல்லையில் இருந்த எர்த் குழிக்குப் பதிலாகக் கிணற்றடியின் ஈர மண்ணில் புதுக் குழி தோண்டினார்கள். முதல் ஒரு வாரம், சார்ஜ் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பதை மாமியார் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். இப்போதும் படுக்கப் போகுமுன் அதைச் செய்கிறார். வீடுகளில் எர்த்தின் தடை 5 ஓமுக்குள் இருப்பது நல்லது என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. மண்ணின் ஈரத்தோடு அது மாறும் என்பதால், பங்குனியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒருமுறை வந்து மறுபடி அளப்பதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பெட்டியை ஒட்டிய சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுப் போனார்: ஆடி 28, ஈர மண், 2.4 ஓம்.